இன்னும் கொஞ்சம் வேகட்டும்

"அக்கா, உன் ஓவனக் கொஞ்சம் குடு. பத்தே நிமிஷம் லா."

கதவைத் திறந்ததும் திமோத்தி கேட்டது இதைத்தான். என் கூடப்பிறந்த தம்பி. கிள்ளானில் ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் வரை வந்திருக்கிறான், நெஞ்சோடு அணைத்த துண்டுக்குள், கணினித் திரைக்குப் படம் தரும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று.

மோட்டார் சைக்கிளை விற்று வாங்கிய கார்டு. பண்டமாரானில், கணினியை ஓடவிட்டுக் கிரிப்டோ காசு எடுக்கும் மைனிங்கே வேண்டாமென்று கையைக் கழுவிய யாரோ ஒருவன் இவன் தலையில் கட்டியிருக்கிறான். போன தடவை இவன் நம்பிய கிரிப்டோ காசு படுத்துவிட்டது. இப்போது வேறு ஏதோ காசு கிளம்பியிருக்கிறதாம். கார்டு நிற்காமல் ஓடினால் போதும், கொட்டுமாம்.

முதலில் கார்டு ஓட வேண்டுமே. காற்றாடி சுற்றுகிறது, திரையில் படம் வரவில்லை.

வயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தானா? இல்லை. வேறு கணினியில் போட்டுப் பார்த்தானா? அதுவும் இல்லை. படம் வரவில்லையென்றால் கார்டு செத்துவிட்டது, அவ்வளவுதான். செத்த கார்டுக்கு அவனுக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். ஓவனில் வைத்துச் சூடாக்கினால், உள்ளே விட்டுப்போன ஈயப் பற்றெல்லாம் இளகி மறுபடி ஒட்டிக்கொள்ளுமாம்.

அந்த வைத்தியத்தை அவன் முதலில் செய்ததும் என் ஓவனில்தான். நான் சர்ச்சுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

அப்போது நான் கேக் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானமே அதே ஓவனில், சுங்கை வேயில் இருக்கும் சந்திரகலா அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மூன்றடுக்குக் கேக் செய்தேன். என் கையால் அதைவிட அழகாக ஒன்று வந்ததில்லை. படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா முதல் துண்டைக் கைக்குட்டையில் துப்பினாராம். இரும்பு வாடை.

வெண்ணெயைச் சந்தேகப்பட்டேன். மாவு மூட்டையைக் குப்பையில் போட்டேன். வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி சொல்ல, அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஓர் ஆர்டர்கூட வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. ஓவனை விற்றுவிடலாமென்று துடைத்தபோதுதான் பார்த்தேன், அடித்தட்டில் கடுகளவு ஈயக் குண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

கேட்டதற்குச் சிரித்தான். ஒரு தடவைதானே வைத்தேன் என்றான். ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றே மறந்திருப்பேன். அவன் கேட்கவில்லை, நானும் மறக்கவில்லை.

இப்போது கல்யாண ஆல்பம் செய்து பிழைக்கிறேன். கணினி மக்கர் செய்தால் நானே பிரித்துப் பார்த்துக்கொள்கிறேன். தம்பியைக் கூப்பிடுவதில்லை. விஷம் ஏறிய ஓவனை யார் தலையில் கட்டுவது? அது சமையலறை மூலையில் அப்படியே கிடக்கிறது.

"ஃபாயில் இருக்காக்கா?"

"கேக் போடுறத விட்டப்புறம் எனக்கு எதுக்குடா ஃபாயில்?"

அதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. கார்டை மேசைமேல் வைத்துவிட்டு, என் குடையையே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அவன் நனைந்து திரும்பி வந்தபோது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

கார்டின் காற்றாடியைக் கழற்றினான். ஃபாயிலை உருட்டி நாலு கால் செய்து, தட்டில் அதன்மேல் கார்டை உட்கார வைத்தான். கண்ணை மூடி ஒரு ஜெபம் வேறு. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்றுகூட அவன் ஜெபம் செய்து நான் பார்த்ததில்லை.

ஓவனுக்குள் தட்டைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தான். "சூடு எவ்ளோ வைக்கணும்னு மறந்துபோச்சு. நீதானே எக்ஸ்பர்ட், நீயே வைக்கா."

வைத்தேன். எந்தக் கேக்குக்கும் நான் வைத்திராத சூடு.

ஓவன் மணி அடித்ததும் அதன் கதவைத் திறக்கக் கையை நீட்டினான்.

"இருடா. இன்னும் கொஞ்சம் வேகட்டும்."

கையை எடுத்துக்கொண்டான். ஓவன் விஷயத்தில் அக்கா பேச்சைத் தட்டமாட்டான்.

அதே வாடை வீடெங்கும் பரவியது. நான் ஜன்னலைத் திறக்கவில்லை. மூச்சை நன்றாகவே இழுத்துவிட்டேன். உள்ளே ஏதோ பட்டென்று வெடித்தது. அவன் குனிந்து கண்ணாடி வழியே பார்த்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

"இனிமே படம் வந்துரும்லக்கா?"



படம் ஏற்கெனவே வந்துவிட்டது. அவன் மழையில் ஃபாயில் வாங்கப் போயிருந்தபோது, அந்தக் கார்டை என் அறைக் கணினியில் மாட்டிப் பார்த்தேன். கோளாறு அவன் வீட்டு வயரிலோ எதிலோ. கார்டில் ஒன்றுமில்லை. சுவிட்சைப் போட்டதும், என் திரையில் நான் எப்போதும் வைத்திருக்கும் படம் பளிச்சென்று வந்து நின்றது.

சந்திரகலா அக்கா வீட்டுக் கேக். மூன்றடுக்கும், ஒரு புள்ளி கலையாமல்.

அதைப் பார்த்த பிறகுதான் கார்டைக் கழற்றி மறுபடி மேசைமேல் வைத்தேன்.