ரெண்டு பஸ்ஸை முந்திய கார்

திண்டிவனம் தாண்டியதும் ராஜாங்கம் ஒரு கையை ஸ்டீரிங்கில் வைத்தபடி, விழுப்புரத்தில் இருந்த மச்சானுக்குப் போன் போட்டார்.

“ஓட்டை வண்டிய கார்னு சொல்லி என் தலையில கட்டிட்டாங்கன்னு சிரிச்சியே! இப்ப ரெண்டு பஸ்ஸ ஓவர்டேக் பண்ணிட்டேன்டா.”

“பாலம் ஏறவே அதுக்கு மூச்சு வாங்குமே மாமா? இன்ஜின் சத்தமே கேக்கலியே?”

“அதான்டா டீசல் பிக்கப்பு!”

பக்கத்தில் மனைவி அம்பிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் வண்டி ஓரமாக நின்றது. கீழேயிருந்து ஒருவன் அண்ணாந்து கத்தினான்.

“சார், காரவுட்டு எறங்கி என் கேபினுக்கு வந்துடுங்க. லாரி மேல ஏத்தின பிரேக்டவுன் வண்டில ஆள் உக்காந்திருந்தா எனக்குத்தான் பைன் போடுவாங்க.”

அம்பிகா போனைப் பிடுங்கினாள்.

“தம்பி, உங்க மாமா எல்லாத்தையும் முந்திக்கினு வர்றாரு. மெக்கானிக்க ரெடியா இருக்கச் சொல்லு.”