யாரினாவின் தண்ணீர்

ஹார்கிவ் போகும் பேருந்துக்குக் காத்திருந்தபோது பீரங்கிக் குண்டு விழுந்து என் மனைவி யாரினா இறந்தாள். இறந்தவர் நாற்பது நாள் வீட்டில்தான் இருப்பார் என்பது எங்கள் நம்பிக்கை. ஜன்னலோரம் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து, அதன் மேல் ரொட்டித் துண்டு வைத்தேன்.

ஊரில் மின்சாரம் இல்லை, எரிவாயு இல்லை. டிசம்பரில் வீட்டுக்குள்ளேயே வாளித் தண்ணீர் உறைந்தது. தம்ளரில் இருந்தது மட்டும் உறையவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் நிவாரணக் குழுவின் ஸினா அக்கா வந்தார். இரண்டு பேராவது இருக்கும் வீட்டுக்குத்தான் விறகடுப்பு. தனியாள்கள் பள்ளிக்கூட நிலவறைக்குப் போக வேண்டும்.

"எத்தன பேருப்பா?"

"நான் மட்டும்தான்க்கா."

"காலேஜ் படிச்சு என்ன புண்ணியம்! ரெண்டுன்னு சொல்லித் தொலையேன்."

"பொய் சொல்ல வரலக்கா."

அவர் வாளியைப் பார்த்தார். கையுறையைக் கழற்றித் தம்ளரைத் தொட்டார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"இது பொய் இல்ல, தம்பி" என்று சொல்லி, தாளில் இரண்டு என்று எழுதினார்.

நாற்பத்தோராம் நாள் அடுப்பு வந்தது. வழக்கப்படி தம்ளரை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன். மதியத்துக்குள் வாளிப் பனிக்கட்டி உருகியது. பல வாரங்களுக்குப் பிறகு கோட்டைக் கழற்றினேன்.

அப்போதுதான் தம்ளரைக் கவனித்தேன். தண்ணீர் அடிவரை உறைந்திருந்தது.

அதை அடுப்பின் மேல் வைத்தேன். இன்று ஐந்தாம் நாள். விறகு தீரப் போகிறது. ஒரு சொட்டுகூட உருகவில்லை.