ஒரே ஒரு உதை

லிமா நகரத்தின் சீனர் தெருவில் தொண்டர்கள் நடத்தும் குங்ஃபூ மன்றத்தில் சேர ரொசௌரா வந்தாள். மாஸ்டர் ஃபாபியோ சியூ விலாசத்தைக் குறித்துக்கொண்டார்.

"எதுக்கும்மா சேர்றே?"

"என் மேல்வீட்டுக்காரி விடியக்காலம் திம்திம்னு குதிக்கிறா மாஸ்டர். தூக்கமே போச்சு. அவளை ஒரே ஒரு உதை விடணும்!"

"விடலாம். முதல்ல தினமும் காலையில வீட்டுல நூறு தடவை தரை அதிர மிதிச்சுப் பழகு."

பழகினாள். உடம்பு இறுகியது, கோபம் மறந்தே போனது. அடுத்த மாதம் அவளுடைய கீழ்வீட்டுக்காரர் மன்றத்துக்குள் சீறிக்கொண்டு வந்தார்.

"இதோ நிக்கிறாளே, இவளை உதைக்கணும். கத்துக்குடுங்க!"

மாஸ்டர் அவரையும் சேர்த்துக்கொண்டார். ரொசௌராவுக்குப் பொறி தட்டியது.

"மாஸ்டர், என் மேல்வீட்டுக்காரியும் இங்கதான் படிச்சாளா?"

"ஆமாம்மா. மன்றத்தோட முதல் மாணவி."

"அவ யாரை உதைக்க வந்தா?"

"என்னைத்தான். அப்ப நான் அவளுக்கு மேல்வீட்டுல குடியிருந்தேன்."