போகாத மீன்

முழங்காலளவு கரீபியன் கடலில் குனிந்து, சந்தனகுமார் ஒரு மீனைத் தண்ணீருக்குள்ளேயே இரு கைகளாலும் தாங்கிக்கொண்டிருந்தார். இறகால் கட்டிய பொய் இறாலைத் தூண்டிலில் வீசி வீசி, காலையெல்லாம் வெயிலில் வெந்து பிடித்த முதல் மீன். பிடித்ததை உடனே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. அதை அவர் மனைவி சொர்ணத்திடம் வாய்தவறிக்கூடச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் அவள் விமானம் ஏறியிருப்பாளா? ரொட்டி தின்றே நாக்குச் செத்துப்போனவள், குழம்புக்கென்று அறையில் புளியை ஊறவைத்துவிட்டுப் படகில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

“நெஜமாவே விடப் போறீங்களா?” என்றாள், விதி இப்போதுதான் காதில் விழுந்தவளாய்.

“மூச்சு வந்ததும் அதுவே போயிரும். இங்க சட்டம் அப்படி.”

“தூத்துக்குடிக்காரரு பிடிச்ச மீனத் தண்ணியில விட்டாருன்னு ஊர்ல சொல்லிராதீங்க. பொண்ணு கல்யாணம் நின்னுரும்.”

படகோட்டி டெஸ்மண்ட் கையை விரிக்கச் சொல்லிச் சைகை காட்டினான். சந்தனகுமார் விரித்தார். மீன் போகவில்லை. அவருடைய கெண்டைக்காலை ஒட்டி நின்று வாலை ஆட்டியது. அவர் ஓரடி நகர்ந்தார், அதுவும் நகர்ந்தது. தண்ணீரை அடித்து விரட்டிப் பார்த்தார். சுற்றி வந்து மறுகாலை ஒட்டிக்கொண்டது. டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

சொர்ணம் படகின் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். மீன் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதைப்போல் குரலைத் தாழ்த்தினாள்.

“ஏங்க, நீங்க பாட்டுக்குக் கரையப் பாத்து நடங்க. அதுவா பின்னால வந்தா, நாம பிடிச்சதா ஆகாதுல்லா?”

சந்தனகுமார் ஒரு காலைத் தூக்கினார். அதை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியவில்லை. மீன் காத்துக்கொண்டிருந்தது.