பட்டை எந்தப் பக்கம்?

ஜெராக்ஸ் கடைக்காரி கம்ப்யூட்டர் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். தன் கடைக்குப் போகவில்லை. நேராக எதிர்க்கடைக்குள் நுழைந்தாள்.

தன் ரிப்பேர் கடையிலிருந்து பார்த்த பெரியவருக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

எதிர்க்கடை அவர் தம்பியுடையது. அதே கம்ப்யூட்டர் ரிப்பேர்தான். பாகம் பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் பார்த்த வேலை அது. மதர்போர்டில் ஆறு கெப்பாசிட்டர்கள் தலை உப்பிச் செத்துக் கிடந்தன. கழற்றி, புதுசு வைத்து, ஈயம் போட்டு, ஓடவிட்டும் காட்டினார். "உங்க கையே கைதாண்ணே" என்று வாயாரச் சொல்லிவிட்டுப் போனவள், இப்போது அங்கே!

போன வாரம் ஸ்டூடியோக்காரனும் இப்படித்தான் போனான். அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டார். இன்றைக்குப் பல் கடிபடவில்லை. செருப்புகூட மாட்டாமல் தெருவைத் தாண்டினார்.

தம்பி அந்தப் போர்டை வெளியே எடுத்து, ஒரு கெப்பாசிட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, நான் முடிச்ச வேலையில கை வைக்க நீ யாருடா?"

தம்பி சட்டென்று போர்டை உள்ளங்கையால் மூடினான். "வாங்கண்ணே. உட்காருங்க."

"அண்ணனாம் அண்ணன்! என் கஸ்டமரை வளைச்சுப் போடறப்ப இந்த அண்ணன் ஞாபகம் வரலையோ?"

"அப்படியெல்லாம் இல்லண்ணே. ஃபேன் சத்தம் வருதுன்னாங்க, அதான்..."

"ஃபேன் அங்க இருக்கு. உன் கை எங்கடா இருக்கு? பொய்யாவது ஒழுங்கா சொல்லு!"

ஜெராக்ஸ் கடைக்காரி எழுந்தாள். "அண்ணே, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீ பேசாதேம்மா. என்கிட்ட ஒரு வாய், இவன்கிட்ட ஒரு வாய்!"

தம்பியின் கையைத் தட்டிவிட்டார். "என்னடா குறை இதுல? போட்டுப் பார்த்தேன், ஓடுச்சுல்ல? சொல்லு, வாயில என்ன கொழுக்கட்டையா?"

பதில் அவளிடமிருந்து வந்தது.

"ஓடும்ணே. ஆனா ஒரு கெப்பாசிட்டர் பக்கம் மாறி உட்கார்ந்திருக்காம். சூடேறி வெடிச்சிடுமாம். அந்த வெள்ளைப் பட்டை மைனஸ் பக்கம் இருக்கணுமாமே?"

"எனக்கே பாடமா? பட்டையெல்லாம் சரியாத்தான் இருக்கு!"

போர்டைப் பிடுங்கி முகத்தருகே கொண்டுபோனார். விளக்குப் பக்கம் திருப்பினார். மூக்கு முட்டும்வரை கொண்டுபோனார். பட்டையும் தெரியவில்லை, பக்கமும் தெரியவில்லை. கறுப்புக் கறுப்பாக ஏதோ நின்றது.

போர்டை மேசையில் இறக்கினார். குரல் மட்டும் இறங்கவில்லை.

"ஓ! கதை அப்படிப் போகுதா? அண்ணனுக்குக் கண்ணு போச்சுன்னு ஊர் பூரா சொல்லிட்டியா? எனக்கு இருக்கிறது அந்தக் கடை ஒண்ணு. அதையும் இழுத்து மூட வெச்சாத்தான் உனக்குச் சோறு இறங்குமா? சொல்லும்மா, இனிமே எவன்மா என் கடைப் படி ஏறுவான்?"

"ஐயோ, சொல்லாதீங்க" என்பதுபோலத் தம்பி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவள் கேட்கவில்லை.

"நாங்க எல்லாரும் முதல்ல ஏறினது இந்தப் படிதாண்ணே. 'வேலையை அண்ணன்கிட்டயே குடுங்க, முடிஞ்சதும் கொண்டாங்க, நான் ஒரு பார்வை பார்த்துடறேன், அவருக்கு மட்டும் தெரியவேண்டாம்'னு உங்க கடைக்கு அனுப்பிவைக்கிறதே இவர்தான்!"