மரியதாஸுக்குக் காட்டிய முடிவு

முத்துக்குளிக்கப் போன கணவன் கரை திரும்புவதற்குள் மனைவி இறந்துபோகும் பழைய கதை ஒன்றை அனிமேஷன் படமாக எடுத்திருந்தார்கள். தன் மனைவி ரோஸ்லின் இறந்த பிறகு மரியதாஸ் ஒருமுறைகூட அழவில்லை. இந்தப் படத்தைப் பார்த்தாலாவது அழுகை வரும் என்று நம்பி, தூத்துக்குடித் தியேட்டருக்குத் தனியாக வந்திருந்தார்.

வாசலில் கொடுத்த கண்ணாடியை எல்லோரையும் போல அவரும் மாட்டிக்கொண்டார். பார்ப்பவர் எதைத் தாங்குவாரோ அதற்கேற்பப் படத்தை மாற்றிக் காட்டும் கண்ணாடி அது.

கடைசிக் காட்சியில் தோணி கரை சேர்ந்தது. மனைவி சிரித்துக்கொண்டே ஓடிவந்து கணவனின் கையைப் பிடித்தாள். மரியதாஸ் திகைத்துப்போனார். அரங்கம் முழுக்க விசும்பல் கேட்டது. அவர் ஒருவருக்கு மட்டும் அவள் உயிரோடு இருந்தாள்.

விளக்கு போட்டதும், பக்கத்து இருக்கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார். "எம்மா, கடைசில என்ன ஆச்சு?"

"நீங்க பாக்கலயா அண்ணாச்சி?"

"எனக்கு வேற முடிவக் காட்டிருச்சு. எம் பொண்டாட்டி இறந்து கொஞ்ச நாள்தான் ஆவுது. நான் தாங்க மாட்டேன்னு நெனச்சிருக்கும் போல."

எழுந்துவிட்ட அந்தப் பெண் மறுபடி உட்கார்ந்தாள்.

"அவன் வரும்போது வீடு பூட்டிக் கெடக்கு அண்ணாச்சி. பக்கத்து வீட்டுக்காரிதான் சாவியக் கொண்டாந்து குடுக்கா. நேத்து வரைக்கும் அவ ஒம் பேரையே சொல்லிக்கிட்டுக் கெடந்தான்னு சொல்லுதா."

"அவன் என்ன சொல்லுதான்?"

"நேரா உள்ள போயி அவ சீலைய எடுத்து மடிச்சு வைக்கான்."

மரியதாஸின் வீட்டில் ரோஸ்லினின் சீலை இன்னும் கொடியிலேயே கிடந்தது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தியேட்டர்க்காரர் கதவைப் பூட்ட வரும்வரை அந்தப் பெண் எழுந்து போகவில்லை.