இவருக்கு ஒரு டிக்கெட்

முக்கொம்பில் மங்கையை அறையக் கை ஓங்கிய வேகத்தில் அவள் புருஷன் வளவன் படி வழுக்கி ஆற்றுக்குள் போனான். அவள் அலறி முடிப்பதற்குள் தண்ணீரிலிருந்து ஒருத்தி எழுந்தாள். அவளோடு வளவனின் அதே முகத்தோடு ஒருவன். அவன் மேல் ஒரு சொட்டு ஈரமில்லை. மங்கையைப் பார்த்துச் சிரித்தான்.

"இவரா உன் வீட்டுக்காரர்?" என்று கேட்டாள் தண்ணீரிலிருந்து எழுந்தவள்.

விறகுவெட்டியும் தங்கக் கோடரியும் மங்கை மூன்றாம் வகுப்பில் படித்த கதை. "இல்லை" என்று சொன்னால் கடைசியில் அசல்தான் வரும்.

"ஆமாங்க" என்றாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் டவுன் பஸ்ஸில் அவன் அவளுக்கு ஜன்னலோரம் விட்டான். கல்யாணமான நாளாய் வளவன் செய்யாத காரியம். கண்டக்டர் வந்தார்.

"எனக்கு ஃப்ரீங்க. இவருக்கு ஒரு சத்திரம்."

"அப்ப பின்னால நிக்கிறவருக்கு? உங்ககிட்ட வாங்கிக்கச் சொல்றாரே. அவர் உங்க வீட்டுக்காரருங்களா?"

மங்கை திரும்பினாள். பின்படியில் சொட்டச் சொட்ட வளவன் நின்றிருந்தான். ஓங்கிய கை இறங்காமல் மேல்கம்பியைப் பிடித்திருந்தது.

"இல்லீங்க" என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். பக்கத்தில் இருந்தவன் அதே சிரிப்போடு முந்திக்கொண்டான்.

"ரெண்டா குடுங்க. எல்லாரும் ஒரே வீட்டுக்குத்தான் போறோம்."